தேதிக்குள்ளா, தேதி வரையிலா?

சென்ற வெள்ளிக்கிழமை மாலை நாம் வாசல் வராந்தாவில் உட்கார்ந்து காப்பி அருந்திக்கொண்டிருந்த சமயத்தில், அடுத்த வீட்டுச் சிநேகிதர் ஒரு கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய மூத்த பெண்ணும் வந்தாள். சிநேகிதரின் முகத்தில் கோபம் இருந்தது. பெண்ணின் முகத்தில் அதைக் காட்டிலும் அதிகமான வருத்தம் இருந்தது.

"இந்த அநியாயத்தைக் கேளுங்கள், ஸார்!" என்று ஆரம்பித்தார் சிநேகிதர். "பெங்களூரில் ஒரு கம்பெனியில் இவளுக்கு உத்தியோகம் அநேகமாக நிச்சயமாகி இருந்தது. பரீட்சையில் தேறிவிட்டாள். ஒரு தடவை நேரில் பார்த்துப் பேச வேண்டியதுதான் பாக்கி. 'எப்போது பெங்களூரில் இருப்பீர்கள்?' என்று கேட்டு எழுதினார்கள். இவளும் பதில் எழுதினாள். இப்போது என்ன எழுதியிருக்கிறார்கள், தெரியுமா? '14-ஆம் தேதியன்று தாங்கள் ஊரில் இருக்கப் போவதில்லை என்று தெரிவித்திருந்தபடியால், வேறொருவரை நியமித்துவிட்டோம். வருந்துகிறோம்' என்கிறார்கள். இவள் எங்கே, ஸார், அப்படித் தெரிவித்தாள்?"

பெண் எழுதிய கடிதத்தின் நகலை வாங்கிப் பார்த்தோம். அழகான கடிதம், அடக்கமான கடிதம். எழுத்துப் பிழை ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் நடுவில் ஒரு வாக்கியம் இருந்தது: 'ஐ ஷல் பி இன் பெங்களூர் டில் தி டென்த் ஆஃப் ஜூன்.'

"இதில் என்ன தப்பு, மாமா? பத்தாம் தேதிக்குள் பெங்களூருக்கு வந்துவிடுவேன் என்றுதானே எழுதியிருக்கிறேன்?" என்றாள் பெண்.

"நீ நினைத்தது அதுதான், அம்மா. ஆனால் நீ எழுதியது, 'பத்தாம் தேதி வரையில் பெங்களூரில் இருப்பேன்' என்பது. பத்தாம் தேதிக்கு மேல் நீ ஊரில் இருக்கமாட்டாய் என்று அவர்கள் அர்த்தம் செய்துகொண்டார்கள். 'டில்' என்ற இடத்தில் 'பை' என்று எழுதியிருந்தால் இந்தச் சங்கடம் வந்திராது" என்றோம்.

சிநேகிதர் பக்கத்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். சற்று நேரம் வரையில் யார்மீது கோபித்துக்கொள்வது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, இப்போது தெரியவில்லை. "நாலு எழுத்து வார்த்தைக்காகவா, ஸார், ஓர் உத்தியோகம் போகும்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அப்போது நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. ஆகையால் இந்த வாரத்துப் பகுதியையே அதற்குப் பதிலாக எழுதுகிறோம். நம் நேயர்களின் வீடுகளிலும் இங்கிலீஷில் கடிதம் எழுதும் பிள்ளைகளும் பெண்களும் இருக்கிறார்கள் அல்லவா?

*

இங்கிலீஷ் பாஷையில் பெரிய வார்த்தைகளைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. அர்த்தம் தெரியாவிட்டால் அகராதியைப் புரட்டிப் பார்த்துக்கொள்கிறோம். நம்மைக் கவிழ்ப்பவை 'இன்', 'ஆன்', 'அட்', 'பை', 'டில்', 'ஃபார்', 'ஸின்ஸ்' என்னும் குட்டி வார்த்தைகள்தான். இவற்றுக்கு அர்த்தம் தெரியும் என்ற தைரியத்தில் நாம் அகராதியைத் தொடுவதே இல்லை.

அதிலும் காலத்தைக் குறிக்கும்போதுதான் இவை அதிகமாகக் காலை வாரிவிடுகின்றன. பெட்டிக்குள் இருக்கிற புத்தகத்தைப் பெட்டியின்மேல் இருப்பதாக எழுதினால், பார்க்கிறவர் சிரித்துவிட்டுச் சரியான இடத்தில் எடுத்துக்கொள்வார். காலத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. எழுதியதைத்தான் நம்ப வேண்டும். ஆகையால்தான் ரயில் தவறுகிறது, விண்ணப்பம் தள்ளப்படுகிறது, உத்தியோகம் கை நழுவுகிறது.

இதற்கு என்ன பரிகாரம்? இலக்கணப் புத்தகங்கள் இருபது விதிகளும் அவற்றுக்கு நாற்பது விலக்குகளும் கொடுத்திருக்கின்றன. அவற்றை நாம் குறை கூறவில்லை. ஆனால் கடிதம் எழுத உட்காரும்போது இருபது விதிகளும் ஞாபகத்துக்கு வருவதில்லை. நாம் சொல்லும் பரிகாரம் ஒன்றே ஒன்றுதான்: இங்கிலீஷில் எழுதுவதற்கு முன்னால், அந்த வாக்கியத்தை மனத்துக்குள் ஒரு தடவை தமிழில் சொல்லிப் பாருங்கள்.

"தமிழில் நினைத்து இங்கிலீஷில் எழுதக் கூடாது என்றல்லவா உபாத்தியாயர் சொல்லிக் கொடுத்தார்?" என்று சில நேயர்கள் கேட்பார்கள். மற்ற விஷயங்களில் அந்த உபாத்தியாயர் சொன்னது சரியாயிருக்கலாம். காலத்தைக் குறிக்கும் விஷயத்தில் நம்முடைய பாஷை வெகு கண்டிப்பானது. இங்கிலீஷ்காரர் பார்க்கும் பேதங்களில் பெரும்பாலானவற்றை நம் வீட்டுக் குழந்தைகள் ஐந்து வயதிலேயே பேச்சில் பிசகாமல் பார்க்கிறார்கள்.

முதலில் அந்தப் பெண் இடறி விழுந்த இடத்தையே எடுத்துக்கொள்வோம்.

பத்திரிகையில் வரும் அறிவிப்புக்களை நேயர்கள் பார்த்திருப்பார்கள். '15-ஆம் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும்' என்று ஓர் அறிவிப்பு இருக்கும். '15-ஆம் தேதி வரையில் விண்ணப்பிக்கலாம்' என்று இன்னோர் அறிவிப்பு இருக்கும். தேதி ஒன்றுதான். ஆனால் முதலாவது அறிவிப்பு, ஒரு தடவை செய்து முடிக்க வேண்டிய காரியத்துக்கு எல்லை கட்டுகிறது. இரண்டாவது அறிவிப்பு, ஒரு கதவு அத்தனை நாளும் திறந்தே இருக்கும் என்று சொல்கிறது. 'குள்' என்பது 'பை'. 'வரை' என்பது 'டில்' அல்லது 'அண்டில்'. முடிந்துபோகும் காரியத்துக்குப் 'பை'. நீடித்திருக்கும் நிலைமைக்கு 'டில்'. இவ்வளவுதான் சூத்திரம்.

'இல்லை' என்ற வார்த்தை வந்து சேரும்போது இந்தப் பேதம் இன்னும் அபாயகரமாகிறது. 'பத்தாம் தேதி வரையில் பணம் வராது' என்றால், பத்தாம் தேதி வந்ததும் பணத்தை எதிர்பார்க்கலாம். 'பத்தாம் தேதிக்குள் பணம் வராது' என்றால், பத்தாம் தேதியன்றும் எதிர்பார்க்க வேண்டாம். முன்னதற்கு 'நாட் டில்' என்றும், பின்னதற்கு 'நாட் பை' என்றும் எழுத வேண்டும். வாடகை கேட்கும் வீட்டுக்காரருக்குப் பதில் எழுதும்போது இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இத்தனை சுலபமான விஷயத்தில் ஒரு தமிழ்ப் பெண் எப்படித் தவறினாள்? விசாரித்ததில் காரணம் தெரிந்தது. அவள் ஒரு வருஷ காலம் வடக்கே ஓர் ஆபீஸில் வேலை பார்த்தவள். அங்கே உடன் இருந்தவர்கள் 'இந்த வேலையைத் திங்கட்கிழமை டில் முடித்துவிடு' என்று பேசுவார்களாம். அவர்கள்மீது குற்றமில்லை. ஹிந்தியில் 'தக்' என்ற ஒரே சொல் 'குள்' என்பதற்கும் வரும். 'வரை' என்பதற்கும் வரும். ஜெர்மன் பாஷையிலும் 'பிஸ்' என்ற ஒரே சொல்தான் இரண்டு வேலையையும் செய்கிறது. ஆகவே, இங்கிலீஷ்காரருக்குப் பாஷை வகையில் நெருங்கிய பங்காளியான ஜெர்மானியரே இந்த இடத்தில் இடறுகிறார். நமக்கு அப்படி இடற வேண்டிய அவசியமே இல்லை. இருந்த கைவிளக்கை அணைத்துவிட்டு, அடுத்தவர் தடுமாறிய இடத்தில் நாமும் போய்த் தடுமாறுகிறோம்!

*

இனி, நம் நாடெங்கும் வழங்கும் வேறொரு பிரயோகத்துக்கு வருவோம். 'ஐ ஆம் வர்க்கிங் ஹியர் ஸின்ஸ் த்ரீ இயர்ஸ்.' இதை எழுதாத ஆபீஸ் இந்தியாவில் இருக்குமா என்பது சந்தேகம். இதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன.

முதலாவது பிழை 'ஸின்ஸ்'. தமிழில் '2019-ஆம் வருஷத்திலிருந்து வேலை பார்க்கிறேன்' என்கிறோம். 'மூன்று வருஷமாக வேலை பார்க்கிறேன்' என்றும் சொல்கிறோம். 'இருந்து' என்பது ஆரம்பித்த இடத்தைக் காட்டுகிறது. 'ஆக' என்பது கடந்துவந்த நீளத்தைக் காட்டுகிறது. 'இருந்து' அல்லது 'முதல்' வந்தால் 'ஸின்ஸ்'. 'ஆக' வந்தால் 'ஃபார்'. 'ஸின்ஸ் 2019', 'ஃபார் த்ரீ இயர்ஸ்'. இங்கேயும் ஹிந்தியில் 'ஸே' என்ற ஒன்றே இரண்டுக்கும் வருகிறது. பிரெஞ்சுக்காரருக்கும் 'டெப்வீ' என்ற ஒரே சொல்தான். தமிழ்க் குழந்தையோ 'காலையிலிருந்து அழுகிறது', 'ஒரு மணி நேரமாக அழுகிறது' என்று தன் தம்பியைப் பற்றித் திருத்தமாகப் புகார் சொல்கிறது.

இரண்டாவது பிழை 'ஆம் வர்க்கிங்'. இந்தப் பிழைக்குத் தமிழ்தான் பொறுப்பாளி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 'மூன்று வருஷமாக வேலை பார்க்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம். இங்கிலீஷில் அப்படிச் சொன்னால் ஏற்பதில்லை. அன்று தொடங்கி இன்று வரையில் வந்த காரியத்துக்கு 'ஹாவ் பீன் வர்க்கிங்' என்று தனி வடிவம் வைத்திருக்கிறார்கள். இதை மாற்றி 'ஐ வர்க்ட் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்று எழுதிவிட்டாலோ, அந்த வேலையை விட்டுவிட்டதாக அர்த்தமாகிவிடும். உத்தியோக விண்ணப்பத்தில் இந்த வித்தியாசம் முக்கியமானது. இப்போதும் வேலையில் இருக்கிறவரா, வீட்டில் இருக்கிறவரா என்பதையல்லவா அது தெரிவிக்கிறது?

தமிழ் எல்லா இடத்திலும் கை கொடுக்கும் என்று நாம் சொல்லவில்லை என்பதை நேயர்கள் இதிலிருந்து அறிந்துகொள்ளலாம். எங்கே கை கொடுக்கிறது, எங்கே கை விடுகிறது என்று தெரிந்துகொள்வதே விவேகம்.

*

'இன்', 'ஆன்', 'அட்' என்ற மூன்றையும் பார்ப்போம். இம்மூன்றையும் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகள் பிரம்படி பட்டிருப்பார்கள். ஆனால் 'ஐந்து மணிக்கு', 'திங்களன்று', 'ஜூன் மாதத்தில்' என்று மூன்று சொற்களைச் சொல்லிப் பாருங்கள். 'கு' என்றால் 'அட்'. 'அன்று' என்றால் 'ஆன்'. 'இல்' என்றால் 'இன்'. நம் பாஷையும் அவர்கள் பாஷையும் கூடிப் பேசி வைத்துக்கொண்டாற்போல் இருக்கிறது!

காரணமும் ஊகிக்கக் கூடியதே. மணி என்பது ஒரு புள்ளி. அதைச் சுட்டிக் காட்டத்தான் முடியும். நாள் என்பது தினசரிக் காலண்டரின் ஒரு தாள். அதன்மேல் கல்யாணம், திதி, பால் கணக்கு எல்லாவற்றையும் எழுதி வைக்கிறோம். மாதமும் வருஷமும் பெரிய பாத்திரங்கள். அவற்றுக்குள் காரியங்களைப் போட்டு வைக்கிறோம். புள்ளி, தாள், பாத்திரம் என்று நினைவில் வைத்தால் போதும்.

இதற்கு இரண்டு மூன்று விலக்குகள் உண்டு. 'காலையில்' என்பது 'இன் தி மார்னிங்'. ஆனால் 'திங்கட்கிழமை காலையில்' என்றால் தாளின் அதிகாரம் வந்துவிடுகிறது. 'ஆன் மண்டே மார்னிங்' என்றே எழுத வேண்டும். 'இரவில்' என்பதற்கு மாத்திரம் 'அட் நைட்' என்கிறார்கள். இதை மனப்பாடம் செய்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை. வாரக் கடைசியைக் குறிப்பதற்கு இங்கிலாந்தில் 'அட் தி வீக்கெண்ட்' என்றும், அமெரிக்காவில் 'ஆன் தி வீக்கெண்ட்' என்றும் வழங்குகிறார்கள். அவர்களே ஒற்றுமைப்படாத இடத்தில் நாம் எதற்காகக் கவலைப்பட வேண்டும்?

'அடுத்த', 'போன', 'இந்த' என்ற அடைமொழிகள் வந்துவிட்டால் இந்த மூன்றுக்கும் வேலையே இல்லை. 'ஆன் நெக்ஸ்ட் மண்டே' என்பது தவறு; 'நெக்ஸ்ட் மண்டே' என்றாலே போதும். 'அடுத்த திங்கட்கிழமை வருகிறேன்' என்று தமிழிலும் நாம் உருபு சேர்க்காமல்தானே சொல்கிறோம்?

*

ரயில் பிரயாணம் செய்யும் நேயர்களுக்கு அடுத்த ஜோடி மிகவும் பழக்கமானது: 'ஆன் டைம்', 'இன் டைம்'.

குறித்த மணிக்குப் பிசகாமல் வருவது 'ஆன் டைம்'. காரியம் கெட்டுப்போவதற்கு முன்னால் வந்து சேர்வது 'இன் டைம்'. தமிழில் முன்னதற்கு 'நேரப்படி' என்றும், பின்னதற்கு 'நேரத்தோடு' என்றும் சொல்லலாம். வண்டி நேரப்படி புறப்படுகிறது. 'நேரத்தோடு வீட்டுக்கு வந்து சேர்' என்று தாயார் மகனிடம் சொல்கிறாள். அவள் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. இருட்டைப் பார்த்துச் சொல்கிறாள்.

ஒரு சமயம் நாம் ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டியிருந்தது. வண்டி புறப்பட வேண்டிய மணிக்குப் பன்னிரண்டு நிமிஷம் கழித்துத்தான் நாம் ஸ்டேஷனை அடைந்தோம். ஆனால் வண்டி அரை மணி தாமதம். வண்டி 'ஆன் டைம்' இல்லை. நாமும் 'ஆன் டைம்' இல்லை. இருந்தாலும் நாம் 'இன் டைம்'! முகூர்த்தத்துக்கும் 'இன் டைம்' போய்ச் சேர்ந்தோம். பந்திக்கு மாத்திரம் 'ஆன் டைம்' போனோம் என்று நம்முடன் வந்தவர் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லி வந்தார்.

'ஆன் டைம்' என்று சொல்வதற்கு முன்னால், எந்தக் கடிகாரத்தின்படி என்று ஊரார் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒற்றுமை உலகத்தில் ஏற்படுவதற்கு ரயில்தான் காரணமாயிற்று. முன்பெல்லாம் ஒவ்வோர் ஊருக்கும் சூரியன் உச்சிக்கு வருவதே பன்னிரண்டு மணி. இங்கிலாந்தில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1840-ஆம் வருஷத்தில் தன் ஸ்டேஷன்களிலெல்லாம் லண்டன் மணியை வைத்துக்கொண்டது. சட்டப்படி அந்நாடு முழுவதற்கும் ஒரே மணி என்று ஏற்பட்டது 1880-ஆம் வருஷத்தில்தான்.

நம் தேசத்திலும் அப்படியே. பம்பாய் மணிக்கும் கல்கத்தா மணிக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தது. இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில் இருந்தது சென்னை மணி. கிரீன்விச் மணிக்கு அது 5 மணி 21 நிமிஷம் முந்தியது. ஆகையால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாட்டின் ரயில்களெல்லாம் சென்னை மணிப்படி ஓடின. நுங்கம்பாக்கத்து வானசாஸ்திரக் கூடத்தில் கணித்த நேரத்துக்கு லாகூர் வண்டியும் கட்டுப்பட்டிருந்தது என்று நினைக்கும்போது நமக்குச் சற்றுப் பெருமையாகத்தான் இருக்கிறது. 1906-ஆம் வருஷம் ஜனவரி 1-ஆம் தேதி முதல், கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்திய இந்தியப் பொது நேரம் அமுலுக்கு வந்தது. ஆனாலும் கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தங்கள் பழைய மணியை அடியோடு விட்டுவிடவில்லை. மணியை மாற்றுவது சட்டத்தால் ஆகும். மனிதர்களின் வழக்கத்தை மாற்றுவது அவ்வளவு சுலபமல்ல.

*

இனித் தமிழ் நம்மைக் கைவிடும் இன்னோர் இடத்தைச் சொல்லிவிடுகிறோம். 'அட் தி எண்ட்', 'இன் தி எண்ட்' என்ற இரண்டுக்கும் நம்மிடம் 'கடைசியில்' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. 'கதையின் கடைசியில் அவர்களுக்குக் கல்யாணம் நடக்கிறது' என்கிறோம். 'எவ்வளவோ தர்க்கம் செய்துவிட்டுக் கடைசியில் அப்பா சம்மதித்தார்' என்றும் சொல்கிறோம். முதல் வாக்கியத்தில் கடைசி என்பது ஓர் இடம், அதற்கு 'அட்'. இரண்டாவதில் கடைசி என்பது ஒரு விளைவு, அதற்கு 'இன்'.

அடையாளம் கண்டுபிடிக்க ஓர் உபாயம் உண்டு. 'எதனுடைய கடைசியில்?' என்று கேட்டுப் பாருங்கள். கதையினுடைய, மாதத்தினுடைய, தெருவினுடைய என்று பதில் வந்தால் 'அட் தி எண்ட்' என்று எழுதுங்கள். பதில் வராவிட்டால் 'இன் தி எண்ட்'. 'அட் லாஸ்ட்' என்பது வேறு. அதில் ஒரு பெருமூச்சு இருக்கிறது. நெடுநாள் காத்திருந்த பிறகு, 'அப்பாடா, ஒரு வழியாக வந்து சேர்ந்தது!' என்று சொல்வோமே, அதுதான் 'அட் லாஸ்ட்'. பிரசங்கத்தை முடிக்கும் பிரசங்கியார் 'கடைசியாக' என்று சொல்ல விரும்பினால் 'லாஸ்ட்லி' என்று சொல்லவேண்டும். அவர் 'அட் லாஸ்ட்' என்று சொல்லக் கூடாது. அதைச் சபையோர் சொல்வார்கள்.

வைத்தியர் கொடுக்கும் சீட்டில் 'அட் எ டைம்' என்று இருந்தால், 'ஒரே தடவையில்' என்று அர்த்தம். 'அட் டைம்ஸ்' என்றால் 'சில சமயங்களில்' என்று அர்த்தம். 'இரண்டு மாத்திரைக்கு மேல் ஒரே தடவையில் சாப்பிடக் கூடாது' என்பதைச் 'சில சமயங்களில் சாப்பிடக் கூடாது' என்று படித்துக்கொண்டால், மற்றச் சமயங்களில் சாப்பிடலாம் என்றல்லவா ஆகிவிடும்? பாஷைப் பிழை பொறுக்கத்தக்கது. மாத்திரைப் பிழை பொறுக்கத்தக்கதல்ல.

'இரண்டு நாளில் வருகிறேன்', 'இரண்டு நாளைக்குள் வருகிறேன்', 'இரண்டு நாள் கழித்து வருகிறேன்' என்னும் மூன்றுக்கும் முறையே 'இன்', 'வித்தின்', 'ஆஃப்டர்' என்று போட்டுக்கொண்டால் சரியாய்ப் போய்விடும். 'இன் டூ டேஸ்' என்றால் இரண்டாம் நாள் முடிகிற சமயத்தில். 'வித்தின் டூ டேஸ்' என்றால் இன்று மாலையே வந்து நின்றாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. 'ஆஃப்டர் டூ டேஸ்' என்றால் அந்த இரண்டு நாளும் கழியட்டும் என்று அர்த்தம்; கழிந்த பிறகு எப்போது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

*

"இவ்வளவு நுணுக்கம் எதற்கு? படிக்கிறவர்கள் புரிந்துகொள்ள மாட்டார்களா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். புரிந்துகொள்வார்கள் என்று நம்பித்தான் அடுத்த வீட்டுப் பெண்ணும் எழுதினாள். சட்டம் செய்கிறவர்கள் அப்படி நம்புவதில்லை. 1897-ஆம் வருஷத்திய பொது வாசகச் சட்டம் ஒன்று நம் நாட்டில் இன்றும் அமுலில் இருக்கிறது. மத்திய சட்டங்களில் வரும் சாதாரணச் சொற்களுக்கு எப்படி அர்த்தம் செய்துகொள்வது என்று விளக்குவதற்காகவே ஏற்பட்ட சட்டம் அது. அதன் 9-ஆவது பிரிவு, 'ஃப்ரம்', 'டு' என்ற இரண்டு குட்டி வார்த்தைகளைப் பற்றியது. 'ஃப்ரம்' என்று சொன்னால் முதல் நாள் கணக்கில் சேராது; 'டு' என்று சொன்னால் கடைசி நாள் கணக்கில் சேரும். 10-ஆவது பிரிவு இன்னும் கருணையுள்ளது. ஒரு காரியத்துக்குக் குறித்த கடைசி நாளில் கோர்ட்டோ ஆபீஸோ மூடியிருந்தால், அடுத்துத் திறக்கும் நாளில் செய்தாலும் காலத்தில் செய்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது. ஒரு நாள் முன்பின்னானால் வழக்கே தள்ளுபடியாகக் கூடிய இடத்தில், இரண்டு எழுத்து வார்த்தையையும் எடை போட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் சொந்தக் கடிதங்களுக்கு அந்தச் சட்டம் துணைக்கு வராது. ஆகையால் நாமே முன் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 'பை ஃப்ரைடே' என்று எழுதினால், வெள்ளிக்கிழமையும் சேர்த்தியா, வியாழக்கிழமையோடு சரியா என்று சிலருக்குச் சந்தேகம் வரும். 'ஆன் ஆர் பிஃபோர் ஃப்ரைடே' என்று எழுதிவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. 'டில் ஃப்ரைடே' என்பதிலும் இதே சந்தேகம் உண்டு. அதைத் தீர்ப்பதற்காகவே அமெரிக்கர்கள் 'மண்டே த்ரூ ஃப்ரைடே' என்று எழுதுகிறார்கள். அதில் வெள்ளிக்கிழமையும் அடக்கம். நாம் 'வெள்ளிக்கிழமை உட்பட' என்று தமிழில் சொல்வது போல, 'இன்க்ளூஸிவ்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டாலும் போதும்.

அந்நிய பாஷையில் பிழை செய்வது ஒரு பெரிய அவமானம் என்று நாம் கருதவில்லை. இங்கிலீஷ்காரர் எத்தனை பேர் 'வரை' என்பதையும் 'குள்' என்பதையும் பிழையில்லாமல் பேசிவிடப் போகிறார்கள்? ஆனால் இங்கிலீஷ் நன்றாக வர வேண்டும் என்பதற்காகக் குழந்தைகளை வீட்டில் தமிழே பேச விடாமல் தடுக்கும் பெற்றோர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பெண்ணின் கதையைச் சொல்ல விரும்புகிறோம். அவள் தவறியது தமிழில் நினைத்ததால் அல்ல. தமிழில் சரியாக நினைத்ததைப் பக்கத்து மேஜைக்காரர் வழக்கில் எழுதியதால். தாய்மொழி திருத்தமாக இருக்கும் வீட்டில் மற்ற மொழிகளும் ஒழுங்காக வந்து உட்காரும்.

*

அந்தப் பெண் சோர்ந்துபோய் உட்கார்ந்துவிடவில்லை. முதலில், போன உத்தியோகத்துக்கு ஒரு விளக்கம் எழுதி அனுப்பினாள். 'தங்கள் விளக்கத்துக்கு வந்தனம். இடம் நிரம்பிவிட்டது' என்று மரியாதையாகப் பதில் வந்தது. பிறகு வேறொரு கம்பெனிக்கு விண்ணப்பம் எழுதினாள். நேற்று மாலை அதை நம்மிடம் கொண்டு வந்து காட்டினாள். ஓரத்தில் பென்சிலால் தமிழில் சின்னச் சின்னதாக 'குள்', 'ஆக', 'அன்று' என்று குறித்திருந்தாள். தேடித் தேடிப் பார்த்தும் திருத்துவதற்கு நமக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"அனுப்பிவிடட்டுமா, மாமா?" என்று கேட்டாள்.

"பென்சில் குறிகளை மாத்திரம் அழித்துவிட்டு அனுப்பு, அம்மா" என்றோம்.

"அழிக்கத்தான் வேண்டுமா? இருக்கட்டும் என்று நினைத்தேன்" என்று சிரித்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அந்தப் பெண் சிரித்ததைப் பார்த்துச் சிநேகிதரும் சிரித்தார்.

நமக்கும் இந்த விஷயத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. இந்தப் பகுதியைச் செவ்வாய்க்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று பத்திராசிரியர் வாரந்தோறும் சொல்லியனுப்புகிறார். நாமோ வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை வரையில் எழுதிக்கொண்டே இருக்கிறோம். 'குள்' என்பதற்கும் 'வரை' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நேயர்களுக்கு இவ்வளவு விஸ்தாரமாக எடுத்துச் சொன்ன பிறகு, இனிமேல் அவருக்கு என்ன சமாதானம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.